சீட்டெடுத்த கை

மருதடிக்குளம்,
கிளிநொச்சி.
ஆவணி, கடைசி வாரம்.

அன்புள்ள மார்கிறட்,

இங்கே குளத்தைத் தவிர மற்றெல்லோரும் சுகம். குளத்துக்கும் பெரிய வருத்தமில்லை. ஆவணியில் அது வழமைபோல மெலிந்து கிடக்கிறது.

வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்துவதற்கு முன் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, எங்கட கிளிநொச்சி ரவுண் என்னத்தால வளருது? உங்கட பாணியில கடிதமா எழுதி அனுப்புங்கோ. போனில சொன்னா எனக்கு மனசில நிக்காது" என்றாய். நீ போன பிறகு அந்தக் கேள்வியை நான் குசினியிலும் வயல் வரம்பிலும் கொண்டு திரிந்தேன். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-ஒன்பது வீதியை ஒட்டி ஒரு பெருநகர வலயம் வரப்போகிறது, அதன் பொருளாதாரம் எப்படிப் போகும், எது அதை உந்தும் என்று உங்கள் நிறுவனம் ஆராய்கிறது என்றாய். அந்த ஆய்வுக்கு நீ பொறுப்பு என்றதும் கீழ்வெளி வடிவம்மா தன் சொந்த மகளுக்கு வேலை கிடைத்ததுபோலச் சிரித்தாள். பத்து வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பொருளியல் படிப்பித்து, என் வீட்டுப் பக்க அறையில் இருந்து, எங்கள் கஞ்சியைக் குடித்தவள் நீ. அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு.

சரி, கேள்விக்கு வருகிறேன். உதாரணத்தோடுதான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும்.

கண்டி வீதியில் சீமெந்தும் தகரமும் விற்கிற கிறிஸ்தோப்பரை நினைவிருக்கும். பங்குனி பிறந்தால் அவர் எனக்கு போன் எடுப்பார். சுகம் விசாரிக்க அல்ல. "ரீச்சர், குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது?" என்று கேட்பார். தண்ணீர் நிறைய என்றால் இரண்டு லொறி சீமெந்துக்கு ஓடர் கொடுப்பார். குறைவு என்றால் ஒன்று. ஒருமுறை நான் பகிடியாக, "நீங்கள் கடைக்காரரோ கமக்காரரோ?" என்று கேட்டேன். "குளம் நிரம்பி வான் பாய்ஞ்சாத்தான் ரீச்சர் என்ர கடையும் பாயும்" என்றார். உங்கள் ஆய்வில் வளர்ச்சியை உந்துவது எது என்று ஒரு பக்கம் இருக்குமென்றால், இந்தக் கதையை அதில் போடு.

வெளிநாட்டுக் காசும் வருகிறதுதான். ஆடைத் தொழிற்சாலை பஸ்கள் விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. முல்லைத்தீவு மீன் லொறிகளும் ஆனையிறவு உப்பு லொறிகளும் நகரில் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போகின்றன. ஆனால் அறுவடை முடிந்த மாசியில் ஒருமுறை கடைத்தெருவில் நடந்து பார். சைக்கிள் கடையிலும் நகைக்கடையிலும் ரியூஷன் கொட்டில்களிலும் உனக்கு விடை கிடைக்கும். நகரம் வளரட்டும் என்பதுதான் என் விருப்பமும். கண் வைத்தியருக்காக யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் போகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் எழுதவேண்டும். நீ வந்த அன்று நடந்ததை நினைத்து நாங்கள் இன்னும் சிரிக்கிறோம். மருத மரத்தடியில் நின்றுகொண்டு, உன்னோடு வந்த பிள்ளை ஒலிப்பதிவுக் கருவியை நீட்ட, நீ கீழ்வெளிக்கார மாயாண்டி அண்ணையைப் பார்த்து, "கீழ்வெளியில இந்தப் போகம் என்ன விதைச்சனீங்கள்?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், தெரியாத ஆளாட்டம் கேக்கிறீங்க? ஒண்ணும் விதைக்கலை" என்று சிரித்தார். "காணிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ?" என்றும் கேட்டாய். "எனக்கு ஏதுங்க? இங்க பாதிப் பேருக்குக் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். கொழும்புக்குப் போனால் ஆட்கள் தெரிந்ததையும் கேட்டுத்தான் எழுதவேண்டும் போல என்று இரவு சாப்பாட்டில் கதைத்துச் சிரித்தோம். மற்ற அலுவலர் கேட்டால் எங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். "இவ எங்கட மார்கிறட், மறைக்காமல் கதையுங்கோ" என்று நான்தான் வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தேன்.

வடிவம்மா என் சட்டியில் உனக்குப் பயறு கொண்டுவந்தாள், நீ அவசரத்தில் மறந்து போனாய். அது நான் மேல்வெளியில் விட்டுக்கொடுத்த துண்டில் அவள் வீட்டார் போட்ட பயறு. வெய்யிலில் காயவைத்து வைத்திருக்கிறேன். யாராவது கொழும்புக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
இரஞ்சிதம் அக்கா


மருதடிக்குளம்.
ஐப்பசி, முதல் மழைக்கு அடுத்த நாள்.

அன்புள்ள மார்கிறட்,

கடிதம் கிடைத்ததா என்று வட்ஸப்பில் கேட்டிருந்தேன். நீ பார்த்ததற்கான இரண்டு நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. வேலை கூடவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது அவசரமாக ஒன்று கேட்க. போன கிழமை கீழ்வெளியில் நான்கைந்து பேர் வந்து அளந்துவிட்டு, சிவப்பு மை பூசிய கட்டைகளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மழையோடு தொடங்கும் காலபோக விதைப்புக்கு உழவு இயந்திரம் இறக்கிய நேரம். யார், எதற்கு என்று கேட்டதற்கு, "மேல கேளுங்கோ" என்றார்களாம். எந்த மேல் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மாயாண்டி அண்ணை நேற்று வந்து வாசலில் நின்றார். கதிரையில் இருக்கவில்லை. "நம்ம டீச்சரம்மாவுக்கு எழுதிக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காதே" என்றார். இது உங்கள் ஆய்வோடு சம்பந்தப்பட்டதல்ல, வேறு யாரோ செய்கிற வேலை என்று நான் அவரிடம் உறுதியாகச் சொன்னேன்.

நான் சொன்னது சரிதான் என்று ஒரு வரி அனுப்பு. விதைப்பதா விடுவதா என்று கீழ்வெளிக்காரர் தவிக்கிறார்கள். ஈரம் காத்திருக்காது.

அன்புடன்,
இரஞ்சிதம் அக்கா


மருதடிக்குளம்.
கார்த்திகை, விளக்கீட்டுக்கு மறுநாள்.

மார்கிறட்,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கசக்கிவிட்டேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நகரில் ஒரு மண்டபத்தில் உங்கள் ஆய்வைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஊருக்கு ஆறு பேர் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நீ வருவாய் என்று எதிர்பார்த்து, அந்தப் பயற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போனேன். நீ வரவில்லை. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் வந்து, "வடக்குப் பெருநகர வலயம்: பொருளாதார நோக்கும் வளர்ச்சி உந்துசக்திகளும்" என்று வாசித்தான். முன்பக்கம் முழுக்க ஒரு படம். வெடித்த மண், காய்ந்த புல், தூரத்தில் ஒரு மாடு. அதன் கீழே, "பயன்பாடின்றிக் கிடக்கும் அரச நிலத் தொகுதி: களஞ்சிய வலயத்துக்கு உகந்தது."

எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த மாயாண்டி அண்ணை மெல்ல என் பக்கம் சரிந்து, "டீச்சர், அது என்ட மாடு" என்றார்.

மண்டபத்தில் யாரோ அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு இன்று வரை என்னைப் பார்க்கவில்லை.

உன் பெயர் கடைசிப் பக்கத்தில் முதலாவதாக இருந்தது.

அன்று பின்னேரம் நான் அனுப்பிய செய்திக்கு நீ பதில் போட்டாய். அதை இங்கே திரும்ப எழுதுகிறேன், நீ என்ன எழுதினாய் என்று உனக்கே நினைவிருக்கட்டும். "அக்கா, இதை மனசில வைக்காதேங்கோ. எங்களுக்கு ஆடி ஆவணியிலதான் களவேலைக்குக் காசு தந்தவை. அந்த நேரம் கண்டதைத்தான் எழுதலாம். ஒரு வலயம் வளரேக்க ஒரு ஊர் குறுக்க நிக்கேலாது. உங்கட மேல்வெளி இதுக்குள்ள வராது, நான் பாத்துக்கொண்டனான்."

கடைசி வரியைத்தான் மார்கிறட், நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வேறு யாராவது இதை எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினார்கள் என்று சொல்லலாம். கொழும்பிலிருந்து ஆடி மாதத்தில் வருகிறவருக்குக் கீழ்வெளி காடாகத்தான் தெரியும். நீயும் முதல் வருடம் பஸ்ஸால் இறங்கி, "ஏன் அக்கா இந்த வயலெல்லாம் சும்மா கிடக்கு?" என்று கேட்டாய். நான் உன் தகப்பனாரை வைத்து உதாரணம் சொன்னேன். "ஸ்ரனிஸ்லஸ் ஐயா கரையில வலையைக் காயப்போட்டுட்டு இருக்கிற நேரம், அந்தாளுக்குத் தொழில் இல்லையெண்டு சொல்லுவியோ?" என்றேன். நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய். கோடையில் வரும் சிறுபோகத்துக்குக் குளத்தில் பாதி வயலுக்குத்தான் தண்ணீர் காணும். ஆகையால் எல்லோரும் மேல்வெளியில் மட்டும் விதைப்பது, கீழ்வெளியில் காணி உள்ளவருக்கு மேல்வெளிக்காரர் குத்தகை வாங்காமல் ஒவ்வொரு துண்டு விட்டுக்கொடுப்பது, கீழ்வெளியை மாடு மேய விடுவது. மழை வந்தால் இரண்டும் வயல். மலையகத் தோட்டங்களிலிருந்து வெறுங்கையோடு வந்து காடு வெட்டிய எங்கள் ஆட்கள், தண்ணீருக்காக ஒருவரை ஒருவர் மண்வெட்டியால் வெட்டாமல் இருப்பதற்குக் கண்டுபிடித்த வழி அது.

அந்தத் துண்டுகளைப் பிரிக்கச் சித்திரையில் சீட்டு எடுப்போம். அதை எடுக்கிறவர் இந்த ஊரில் ஒரு குழிக் காணியும் இல்லாதவராக இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். காணி உள்ள கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார் மாயாண்டி அண்ணையின் தகப்பனார். நீ வந்த பிறகு வருடாவருடம் சீட்டெடுத்தது யாருடைய கை? மருத மரத்தடியில் கதிரை போட்டு, உன்னை இருத்தி, பானைக்குள் கைவிடச் சொன்னோம். ஒருமுறை வடிவம்மாவுக்குக் கல்லுத்தரையான துண்டு விழுந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்து நீ, "இன்னொருக்கா எடுக்கட்டோ?" என்றாய். "வேணாம் டீச்சர், உங்க கை எடுத்தா சரிதான்" என்றாள் அவள்.

அந்தக் கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

மாயாண்டி அண்ணையிடம் தெரிந்த கேள்வியை ஏன் கேட்டாய் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவர் வாயால் "ஒண்ணும் விதைக்கலை" என்று வரவேண்டியிருந்தது. அது பதிவில் இருந்தால் போதும். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததைக் கடிதத்தில் வேறு எழுதி அனுப்பினேன்.

இங்கே இப்போது என்ன கதை அடிபடுகிறது என்று தெரியுமா? கீழ்வெளி போய்விட்டால் குளத்துத் தண்ணீர் முழுக்க மேல்வெளிக்குத்தான். ஆகையால், "மேல்வெளிக்காரி சிநேகிதியைக் கொண்டு அலுவலை முடிச்சுப்போட்டா" என்கிறார்கள். நீ என்னைக் காப்பாற்றியதாக நினைக்கிறாய். அந்த ஒரு வரியால் அவர்கள் கதையை நீ உண்மையாக்கிவிட்டாய். கூப்பன் கடைக்கு நான் போனால் பேச்சு நிற்கிறது. வடிவம்மா என் சட்டியைத் திருப்பி அனுப்பினாள். நன்றாகக் கழுவி, வெறுமையாக. இத்தனை வருடத்தில் அந்தச் சட்டி இரண்டு மிளகாயாவது இல்லாமல் என் வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. நான் அதை இன்னும் அடுப்பில் வைக்கவில்லை.

நீ பொருளியல் படித்தவள், நான் சமூகக்கல்வி படிப்பித்தவள். உன்னோடு வாதாட வரவில்லை. ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு யதுர்ஷிகா ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை. பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனால் சுருண்டு படுத்திருப்பாள். கணக்கெடுக்க வந்த ஒருவர் அந்த நேரம் பார்த்து, வேலையற்றவள் என்று எழுதிவிட்டு, அவளுடைய வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தால், அந்தக் கணக்குப் பிழை என்று நீ சொல்லமாட்டாயா? வந்தவருக்கு அவள் இரவு வேலை என்று முன்பே தெரிந்திருந்தால் அதை என்னவென்று சொல்வாய்? அதற்குப் பிழை என்ற சொல் போதாது.

கிறிஸ்தோப்பரின் கதையை ஆய்வில் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. நெல் என்ற சொல்லே ஒரு அட்டவணைக்குள் சின்ன எழுத்தில் இருந்தது. களஞ்சியம் கட்டலாம், மார்கிறட், யார் வேண்டாம் என்றது? ரயில் பாதைக்கு அங்கால் கல்லுத்தரை கிடக்கிறது, எந்தப் போகத்திலும் அதில் புல்லும் முளைக்காது. ஆனால் கீழ்வெளியை மூடி அதன் மேல் களஞ்சியம் கட்டினால், அதற்குள் எதைக் கொண்டுபோய் வைப்பார்கள்? அந்தப் பையனிடம் இதைக் கேட்டேன். "அம்மா, அது அடுத்த கட்ட ஆய்வில வரும்" என்றான். அவனில் எனக்குக் கோபமில்லை.

உன்னில்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றோ பன்னிரண்டோ, உங்கள் முள்ளிவாய்க்கால் கரையில் அப்பா கரைவலை இழுக்கிற இடத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று நீ என் குசினியில் நிலத்தில் இருந்து அழுதாய். "நாங்கள் இல்லாத நேரம் வந்து பாத்துப்போட்டு ஆளில்லாக் கரை எண்டு எழுதிப்போட்டாங்கள் அக்கா. வலை காயிற அடையாளம் கூடத் தெரியேல்லையோ?" என்று கேட்டாய். அன்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு உதாரணமும் இருக்கவில்லை. உன் தலையைத் தடவினேன். அந்தப் பெண் எங்கே போனாள் என்று இரண்டு கிழமையாக யோசிக்கிறேன். உனக்கும் மேலிடம் இருக்கும், கட்டவேண்டிய வீட்டுக் கடன் இருக்கும், நீ எழுதியதை யாரோ வெட்டிச் சுருக்கியிருக்கலாம். இதையெல்லாம் உனக்காக நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் படத்தில் மாடு நிற்கிற இடம் மருத மரத்தடியிலிருந்து மட்டும்தான் அப்படித் தெரியும். நீ சீட்டெடுத்த கதிரை போடுகிற இடத்தில் நின்றுதான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறாய்.

ஆட்சேபம் கேட்கும் கூட்டம் தை மாதம், பொங்கலுக்குப் பிறகு. அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். மேல்வெளிக்காரியான நான் எழும்பிப் பேசினால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். எந்தப் பக்கமும் காணி இல்லாத ஒருவர் பேசவேண்டும். எங்கள் வழக்கமே அதுதானே.

கீழ்வெளிக்காரர் என்ன செய்தார்கள் என்று கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். கட்டைகளைப் பிடுங்குவோம் என்று இளம் பெடியள் சிலர் நின்றார்கள். மாயாண்டி அண்ணை விடவில்லை. "அது இருந்துட்டுப் போகட்டும். நாம விதைப்போம்" என்றார். கட்டைகளைச் சுற்றி உழுது விதைத்திருக்கிறார்கள். இப்போது பயிர் ஒரு சாண் உயரம். சிவப்புத் தலைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. மார்கழி நடுப்பகுதியில் அதுவும் தெரியாது.

பக்க அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். உன் பழைய நுளம்பு வலையைத் தோய்த்துப் போட்டேன். பயற்றில் இன்னும் பூச்சி விழவில்லை. உன் அப்பா சொல்கிற வார்த்தையிலேயே சொல்கிறேன், ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நான் கும்பிடுகிற பிள்ளையாரிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

ஒன்றே ஒன்று செய். மார்கழியில் ஒரு காலை வந்து, மருத மரத்தடியில் அன்று நின்ற அதே இடத்தில் நின்று, கமராவை அதே பக்கம் திருப்பி, அதே படத்தை இன்னொரு முறை எடு.

இப்படிக்கு,
இரஞ்சிதம்